சொல்லத் தெரியவில்லையா, சொல்ல இடமில்லையா? அலெக்சிதைமியா அளவீடு பற்றி மலையகத்தில் கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உளவளத்துணையாளராகப் பல வருடங்களாக வேலை செய்கிறேன். தன் மனதில் ஓடுவதை இனங்காணவும் அதைச் சொல்லில் வைக்கவும் ஒருவர் எவ்வளவு சிரமப்படுகிறார் என்று அளக்கும் வினாக்கொத்துகளைப் பற்றி அண்மைக் காலமாக நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆய்வேடு எழுதும் மாணவர்கள், பாடசாலை ஆசிரியர்கள், கைபேசியில் தாங்களே நிரப்பிப் பார்த்துவிட்டுப் பயந்துபோன இளைஞர்கள், தகப்பனை நினைத்துக் கவலைப்படும் பிள்ளைகள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்களை இங்கே எழுதுகிறேன்.

அலெக்சிதைமியா என்றால் என்ன?

கிரேக்கச் சொற்களைக் கோத்து உருவாக்கிய பெயர். 'அ' என்றால் இல்லை, 'லெக்சிஸ்' என்றால் சொல், 'தைமோஸ்' என்றால் உள்ளத்து உணர்ச்சி. உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வேலை செய்த உளமருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 1970களின் தொடக்கத்தில் இந்தப் பெயரை இட்டார். அவரும் ஜோன் நெமியாவும் பார்த்த நோயாளிகளில் பலருக்கு உளநெருக்கடியோடு சேர்ந்த உடல் நோய்கள் இருந்தன. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று அவர்கள் நுணுக்கமாகச் சொன்னார்கள். 'அந்த நேரத்தில் மனதுக்கு எப்படி இருந்தது?' என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

பொதுவாக நான்கு அடையாளங்களைச் சொல்வார்கள். தன் உணர்ச்சி எது என்று இனங்காண்பதிலும், அதை உடல் உணர்விலிருந்து பிரித்தறிவதிலும் சிரமம். அதை இன்னொருவருக்கு விவரிப்பதில் சிரமம். கற்பனையும் பகற்கனவும் குறைவு. நான்காவது, சிந்தனை உள்ளே திரும்பாமல் வெளி நடப்புகளிலேயே நிற்பது. இப்படிப்பட்டவருக்கு உணர்ச்சியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உணர்ச்சி இருக்கிறது, சில வேளை மற்றவர்களைவிடப் பலமாகவே இருக்கிறது. அதற்கும் சொல்லுக்கும் இடையில் உள்ள பாதைதான் அடைபட்டிருக்கிறது.

இது ஒரு நோயா?

இல்லை. நோய்களை வகைப்படுத்தும் சர்வதேசப் பட்டியல்களில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆளுக்கு ஆள் கூடிக் குறையும் ஒரு தன்மை என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம், உணவுப் பழக்கக் கோளாறுகள் உள்ளவர்களிடம் இது அதிகமாகக் காணப்படுவதால்தான் இதை அளக்க வேண்டிய தேவை வந்தது.

எப்படி அளக்கிறார்கள்?

உலகில் அதிகம் பயன்படுவது டொரொண்டோ அலெக்சிதைமியா அளவுகோல். கனடாவைச் சேர்ந்த கிரேம் டெய்லர், மைக்கேல் பாக்பி உள்ளிட்டோர் 1985இல் 26 வாக்கியங்கள் கொண்ட வடிவத்தை வெளியிட்டார்கள். பின்னர் ஜேம்ஸ் பார்க்கரும் சேர்ந்துகொள்ள, அதைத் திருத்தி 1994இல் 20 வாக்கியங்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சற்றும் உடன்படவில்லை' முதல் 'முழுமையாக உடன்படுகிறேன்' வரை ஐந்து படிகள் இருக்கும், படிக்கேற்ப 1 முதல் 5 வரை புள்ளி. ஆகக் குறைந்த மொத்தம் 20, ஆகக் கூடியது 100. ஐந்து வாக்கியங்கள் மட்டும் எதிர்த்திசையில் எழுதப்பட்டவை, அதாவது அவற்றுக்கு உடன்பட்டால் சிரமம் குறைவு என்று பொருள். அவற்றுக்கு 6இலிருந்து கழித்துத்தான் புள்ளி இட வேண்டும். மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ஒருவரின் மொத்தம் எதிர்பாராத விதமாக வந்தால் முதலில் அந்த ஐந்தையும் சரிபாருங்கள்.

இருபது வாக்கியங்களும் மூன்று பகுதிகளாகப் பிரிகின்றன. இனங்காண்பதில் உள்ள சிரமத்துக்கு ஏழு, விவரிப்பதில் உள்ள சிரமத்துக்கு ஐந்து, வெளிநோக்கிய சிந்தனைக்கு எட்டு. கற்பனைக் குறைவுக்கு நேரடியான கேள்விகள் இந்த வடிவத்தில் இல்லை. மொத்தம் 51 வரை இருந்தால் அலெக்சிதைமியா இல்லை, 52 முதல் 60 வரை இருக்கக்கூடும், 61 அல்லது அதற்கு மேல் என்றால் இருக்கிறது என்று எல்லைகள் வகுத்திருக்கிறார்கள். ஆனால் இது தொடர்ச்சியான ஒரு தன்மை என்பதுதான் அளவுகோலை ஆக்கியவர்களின் நிலைப்பாடு. 60க்கும் 61க்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை.

வேறு கருவிகளும் உண்டு. நெதர்லாந்தில் உருவான பெர்மொண்ட்–வோர்ஸ்ட் வினாக்கொத்தில் 40 வாக்கியங்கள், அதில் கற்பனைக்கும் தனிப் பகுதி இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 2018இல் வந்த பேர்த் வினாக்கொத்தில் 24 வாக்கியங்கள். மகிழ்ச்சி போன்ற உணர்ச்சிகளையும் துயரம் போன்றவற்றையும் அது தனித்தனியாகக் கேட்கிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. கோபத்தைச் சட்டென்று சொல்லிவிட்டு, சந்தோஷத்தைச் சொல்லத் தடுமாறும் எத்தனையோ பேரை இந்தத் தோட்டங்களில் பார்த்திருக்கிறேன்.

இணையத்தில் நிரப்பினேன், 62 வந்தது. நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில், அந்த 62 எப்படி வந்தது என்று பாருங்கள். இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு இனங்காண்பதில் 28, விவரிப்பதில் 18, வெளிநோக்கில் 16. மற்றவருக்கு 14, 15, 33. இருவருக்கும் கூட்டுத்தொகை 62தான். முதலாமவர் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் தினமும் தவிப்பவராக இருக்கலாம். இரண்டாமவருக்குத் தன் மனம் ஓரளவு தெரியும். ஆனால் அதைக் கிளறிக்கொண்டிருப்பதில் அவருக்கு நாட்டமில்லை. வீட்டுக்குக் கூரை போட்டோமா, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினோமா என்பதே அவர் சிந்தனை. இருவரையும் ஒரே பெயரால் அழைப்பது நியாயமில்லை.

அடுத்ததாக, எந்த நிலையில் நிரப்பினீர்கள் என்று யோசியுங்கள். மனச்சோர்வு கூடியிருக்கும் காலத்தில் இந்தப் புள்ளியும் கூடும், சோர்வு தணியும்போது இதுவும் இறங்கும். பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த வாரத்திலோ, வீட்டில் மரணம் நடந்த மாதத்திலோ நிரப்பியிருந்தால் சில மாதம் கழித்து மீண்டும் நிரப்பிப் பாருங்கள். உறக்கமும் பசியும் போய், எதிலும் பற்றில்லாமல் இருக்கிறது என்றால் இந்த எண்ணை விட்டுவிட்டு மனச்சோர்வுக்கு உதவி தேடுங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

தன் உணர்ச்சியே தெரியாதவர், 'உங்கள் உணர்ச்சி உங்களுக்குத் தெரிகிறதா' என்ற கேள்விக்கு எப்படிச் சரியாகப் பதில் சொல்வார்?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஓர் இளைஞர். ஆய்வாளர்களும் பல வருடங்களாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஓரளவு பதில் இருக்கிறது. கண் மங்கலாக இருப்பவருக்கு எழுத்து தெரியாவிட்டாலும், எழுத்து தெரியவில்லை என்பது தெரியும். மனைவி கேட்கும்போது பதில் வராமல் நின்றவர், நண்பர்கள் பேசும்போது விலகிப்போனவர், தன்னிடம் ஏதோ குறைகிறது என்று அறிந்தே இருக்கிறார். ஆனால் எல்லாரும் அப்படியில்லை. கண் மங்கல் பிறந்ததிலிருந்தே இருந்தால், உலகமே இப்படித்தான் என்று நினைத்துவிடுவார். அவர் குறைந்த புள்ளி எடுத்துச் சுகமாகப் போய்விடுவார்.

அதனால் சுயமாக நிரப்பும் தாள் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. ரிச்சர்ட் லேனும் அவருடைய குழுவினரும் 1990இல் வெளியிட்ட உணர்ச்சி விழிப்பு மட்ட அளவுகோல் வேறு வழியில் போகிறது. அது 20 சிறு சம்பவங்களைக் கொடுத்து, 'உங்களுக்கு எப்படி இருக்கும், மற்றவருக்கு எப்படி இருக்கும்' என்று எழுதச் சொல்கிறது. எழுதியதில் உடல் உணர்வு மட்டும் இருக்கிறதா, செய்ய நினைப்பது மட்டும் இருக்கிறதா, ஒற்றை உணர்ச்சி இருக்கிறதா, கலந்த உணர்ச்சிகள் இருக்கின்றனவா என்று பார்த்து மட்டம் தருகிறார்கள். தன்னைப் பற்றிய கருத்தை அது கேட்பதில்லை, செய்து காட்டச் சொல்கிறது. டொரொண்டோ குழுவினரே 2006இல் 24 கேள்விகள் கொண்ட நேர்காணல் முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் நேர்காண்பவர் உதாரணம் கேட்டுத் தோண்டலாம். நன்கு தெரிந்தவர் நிரப்பும் 33 வாக்கியப் பார்வையாளர் அளவுகோலும் இருக்கிறது. எங்கள் ஊரில் கணவனைப் பற்றி மனைவியிடம் கேட்டால் கிடைக்கும் தகவலுக்கு எந்த வினாக்கொத்தும் ஈடாகாது என்பது என் அனுபவம்.

அம்மா எதற்கெடுத்தாலும் 'நெஞ்சு அடைக்கிறது' என்கிறார். மனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு அலெக்சிதைமியாவா?

முதலில் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போய் இதயத்தைப் பரிசோதியுங்கள். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். கொழுந்து எடுக்கும் பெண்களின் உடல் வலியை 'மனக் கவலை' என்று தள்ளிவிடுவது பெரிய அநீதி.

உடலில் கோளாறு இல்லை என்று உறுதியான பின்னர், அம்மா அதை எப்போது சொல்கிறார் என்று கவனியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகள் வீட்டு வேலைக்காக வளைகுடா நாடொன்றுக்குப் போன நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். 'எப்போது அடைக்கும்?' என்று கேட்டேன். 'அவள் தொலைபேசியை வைத்த பிறகு' என்றார். அவருக்குத் தன் உணர்ச்சி தெரியும். அது எதனால் வந்தது என்றும் தெரியும். அதற்குத் தமிழில் சரியான சொல்லைத்தான் அவர் சொன்னார். வயிறு எரிகிறது, வயிற்றைக் கலக்குகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, உடம்பு கூசுகிறது, நெஞ்சு பதறுகிறது, தலை கனக்கிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு உணர்ச்சி. கூசுகிற இடத்தில் கலக்குகிறது என்று தமிழ் தெரிந்த யாரும் சொல்ல மாட்டார். தொல்காப்பியம் உணர்ச்சிகளை 'மெய்ப்பாடு' என்றுதான் அழைக்கிறது, மெய்யில் படுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. அழுகை பிறக்கும் இடங்களாக அது சொல்லும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவுபடுத்துவது, இழந்துபோவது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. லயத்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகளின்) வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த நான்கையும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாறாக இன்னொருவர். நாற்பது வயது, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வயிற்று வலி என்று மூன்று வைத்தியசாலைகளுக்குப் போய்விட்டார், எல்லாப் பரிசோதனையும் சரி. 'எப்போது வருகிறது?' என்று கேட்டால், 'சும்மா வருகிறது' என்பார். 'வருவதற்கு முன்னால் ஏதாவது நடந்ததா?' 'ஒன்றுமில்லை.' அவர் மறைக்கவில்லை, கண்ணைப் பார்த்தால் தெரியும். மனைவிதான் சொன்னார், சிறுகடன் பணம் வசூலிக்க ஆள் வரும் வாரங்களில் மட்டுமே அந்த வலி வருகிறது என்று. அவருக்கே அது புதுச் செய்தியாக இருந்தது.

தாயும் இவரும் இருவருமே உடலைத்தான் பேசினார்கள். தாயின் உடற்பேச்சு நடந்ததோடு கட்டப்பட்டிருந்தது. இவருடையது அந்தரத்தில் தொங்கியது. நான் பார்க்கச் சொல்வது அந்தக் கட்டு இருக்கிறதா என்பதைத்தான். மேற்கில் ஆக்கிய அளவுகோலில் உடல் உணர்வுகளால் குழப்பமடைவதைக் கேட்கும் வாக்கியங்கள் உண்டு. அவற்றுக்கு அந்தத் தாயும் 'ஆம்' என்று சொல்லிப் புள்ளி ஏற்றிக்கொள்ளக்கூடும்.

தமிழாக்கிய வினாக்கொத்தை அப்படியே தோட்டத்தில் பயன்படுத்தலாமா?

ஆய்வேடு எழுதுகிறவர்கள் இந்தப் பதிலைப் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

டொரொண்டோ அளவுகோலுக்கு உரிமை உண்டு. உரிமையாளர்களிடம் அனுமதி பெறாமல் மொழிபெயர்க்கவோ பயன்படுத்தவோ கூடாது. அனுமதி கிடைத்தபின் இருவர் தனித்தனியாகத் தமிழாக்கி, ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். இது அவசியம், ஆனால் போதாது. திரும்ப மொழிபெயர்ப்பவர் படித்தவர். மோசமான தமிழிலிருந்தும் மூலத்தை ஊகித்துவிடுவார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கும் பெண்ணுக்கு அது என்னவாகக் கேட்கிறது என்பதுதான் சோதனை.

'உணர்ச்சி' என்ற சொல்லையே எடுங்கள். எங்கள் மக்கள் காதில் அது கோபத்தோடும் சூட்டோடும் சேர்ந்த சொல். 'உணர்ச்சிவசப்பட்டுவிட்டான்' என்றால் கையை ஓங்கிவிட்டான் என்று பொருள். 'உணர்வு' என்றால் விறைத்த காலில் உணர்வில்லை என்பதும், மயக்கம் தெளிந்து உணர்வு வந்தது என்பதும் நினைவுக்கு வரும். 'மனதில் தோன்றுவது', 'மனம் படும் பாடு' என்று எழுதினால் முகம் மலர்ந்து பதில் வருகிறது. மூல அளவுகோலில் வரும் இன்னொரு சொல்லான 'upset', துயரமா பயமா கோபமா என்று பிரியாத பொதுவான கலக்கத்தைக் குறிக்கிறது. அந்தப் பிரியாமையே கேள்வியின் உயிர். 'மனம் கலங்கியிருக்கும்போது' என்று தமிழாக்கினால் அது ஏற்கெனவே துயரத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. 'மனது சரியில்லாதபோது' என்பது கிட்டத்தட்டப் பொருந்துகிறது. நான் அதையே ஏற்பேன்.

எதிர்த்திசை வாக்கியங்கள் அடுத்த கண்ணி. 'எனக்குத் தெரியாமல் இருப்பதில்லை' போன்ற இரட்டை எதிர்மறையை வாசித்துக் காட்டினால், கேட்பவர் மரியாதைக்காக 'ஆமாம்' என்று சொல்லிவிடுவார். ஐந்து படி விடைகளும் பேச்சில் நிற்பதில்லை. நான் இரண்டு தடவையாகக் கேட்பேன். முதலில் சரியா, சரியில்லையா, இரண்டும் இல்லையா. பிறகு கொஞ்சமா, முழுக்கவா. வெறும் கூடையிலிருந்து நிறைந்த கூடை வரை ஐந்து கொழுந்துக் கூடைகளை வரைந்து வைத்து விரலால் தொடச் சொல்லியும் பார்த்திருக்கிறேன். வயதானவர்களுக்கு அது எளிதாக இருந்தது.

வெளிநோக்கிய சிந்தனைப் பகுதி எல்லாவற்றிலும் பலவீனமானது. பல மொழிபெயர்ப்புகளில் இந்தப் பகுதியின் நம்பகத்தன்மை (அதன் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) மற்ற இரண்டையும்விடக் குறைவாகவே வந்திருக்கிறது. காரணத்தை ஊகிக்கலாம். உளவியல் சிக்கலைச் சொல்லும் நாடகத்தைவிட இலகுவான பொழுதுபோக்கு நிகழ்ச்சியைப் பார்க்க விருப்பமா என்று அதில் ஒரு வாக்கியம் கேட்கிறது. பகல் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து பறித்து, மாலையில் விறகும் தண்ணீரும் சுமந்து, பிறகு அரை மணி நேரம் தொலைக்காட்சி முன்னால் உட்காரும் ஒரு பெண் எதைப் பார்க்க விரும்பினால் அது குறை? அதைக் குறையாக எண்ணிப் புள்ளியிடும் கருவி தன் ஊரை அளக்கிறது, எங்கள் ஊரை அல்ல. 1996இல் டொரொண்டோவில் பல்கலைக்கழக மாணவர்களை ஆராய்ந்த கென்னத் டியன், சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு மற்றவர்களைவிடப் புள்ளி கூடியிருந்ததைக் கண்டார். நகரமும் படிப்பும் ஒன்றாக இருந்தும், மொழிக்கும் வளர்ந்த விதத்துக்கும் புள்ளியில் பங்கு இருந்தது.

ஆகவே மாணவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் தரவில் மூன்று பகுதிகளும் உண்மையில் பிரிகின்றனவா என்று காரணிப் பகுப்பாய்வு செய்யுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் நம்பகத்தன்மைக் குணகத்தைத் தனியே கொடுங்கள், 0.70க்குக் கீழே இருந்தால் மறைக்காதீர்கள். 61 என்ற எல்லையை இங்கே கொண்டுவந்து, 'இத்தனை வீதமான தோட்டத் தொழிலாளர்களுக்கு அலெக்சிதைமியா' என்று தலைப்பிடாதீர்கள். அந்த வரி மட்டும்தான் பத்திரிகையில் வரும். இரண்டு நூற்றாண்டுகளாக இந்த மக்களைப் பற்றிப் பிறர் சொன்ன குறைகளில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

மொழிபெயர்ப்புக்கு மாற்றுவழியும் இருக்கிறது. உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ 2008இல் வெளியிட்ட இலங்கை உளசமூக நிலைச் சுட்டியை, இலங்கை மக்கள் தங்கள் துன்பத்தைச் சொன்ன சொற்களிலிருந்தே உருவாக்கினார். மலையகத்துக்கு அப்படி ஒரு கருவி வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் பெண்கள் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, ஆனால் ஒப்பாரியில் எல்லாம் வருகிறதே?

ஆம், இதைக் கவனித்தவருக்கு என் நன்றி. 'உங்கள் மனதில் உள்ளதைச் சொல்வது கடினமா?' என்றால் தலையைக் குனிந்து 'ஆமாம்' என்பவர், மரண வீட்டில் ஒரு மணி நேரம் பாடுவார். பிறந்த வீட்டார் வராத குறை, கொழுந்தன் சொன்ன ஒரு சொல், பிள்ளை பசியோடு தூங்கிய இரவு, எல்லாம் வரிசையாக வரும். காமன் கூத்தில், எரிக்கப்பட்ட மன்மதனுக்காக ரதி அழும்போது பார்த்திருக்கும் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். யாருக்காக அழுகிறார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் இருக்கும்.

அவர்களுக்குச் சொல் இருக்கிறது. அதைச் சொல்வதற்கான இடம்தான் அந்த மரண வீடும் அந்தக் கூத்துக் களமும். விவரிப்பதில் சிரமம் என்று ஐந்து வாக்கியங்கள் அளப்பதில் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன: சொல்லத் தெரியாதது, சொல்ல விரும்பாதது, சொன்னால் பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) கேட்டுவிடும் என்பது. பழைய லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு மூன்றாவது எவ்வளவு பெரியது என்று தெரியும். புள்ளி மூன்றையும் பிரிக்காது. கேட்பவர்தான் பிரிக்க வேண்டும்.

இதை நான் பிழை செய்தே கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணிடம் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து வினாக்கொத்தை வாசித்தேன். மாமியார் பத்தடி தூரத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் கிடைத்த விடைகளுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. அவரை அந்த நிலையில் வைத்ததற்காக இன்றும் வருந்துகிறேன். இப்போது தனியறை கிடைக்காவிட்டால் கேட்பதே இல்லை.

ஆண்களுக்குத்தான் இது அதிகமா?

பின்லாந்தில் 1999இல் வெளிவந்த பொதுமக்கள் ஆய்வில் மொத்தம் 13 வீதம், ஆண்களில் 17, பெண்களில் 10 என்று வந்தது. வேறு நாடுகளிலும் ஆண்களின் சராசரி சிறிதளவு கூடுவது வழக்கம். இடைவெளி பெரிதல்ல. தோட்டத்தில் ஆண்பிள்ளை அழுதால் கிடைக்கும் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள், கோபத்தை மட்டும் அனுமதிக்கப்பட்ட உணர்ச்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். துயரமும் வெட்கமும் பயமும் அந்த ஒரே கதவால் வெளியே வருகின்றன, அல்லது சாராயத்தில் மூழ்குகின்றன. குடியை நிறுத்தவேண்டும் என்று வரும் ஆண்களிடம் நான் முதலில் கேட்பது, குடிக்கத் தோன்றுவதற்குச் சற்று முன்னால் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைத்தான்.

பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பெரியவர்களின் தாளைக் கொடுக்க வேண்டாம். 13, 14 வயதினரிடம் அதன் நம்பகத்தன்மை குறைவதை ஆக்கியவர்களே காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கென்று கரோலின் ரீஃப் குழுவினர் 2006இல் வெளியிட்ட 20 வாக்கிய வடிவம் இருக்கிறது, விடைக்கு மூன்றே படிகள். எதுவானாலும் வகுப்பில் புள்ளியை வாசிக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால், பாடசாலை முடியும்வரை கூப்பிடும் பெயராகிவிடும்.

ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லாருக்கும் இது இருக்குமா?

இல்லை. ஏறக்குறையப் பாதிப் பேரிடம் காணப்படுவதாக பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வந்த தொகுப்பாய்வு காட்டுகிறது. மறுபாதியிடம் இல்லை. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போதோ, திருமணம் பேசும்போதோ இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. தோட்ட நிர்வாகமோ, கடன் கொடுக்கும் நிறுவனமோ, மாப்பிள்ளை வீட்டாரோ, யாரும் இந்தத் தாளைப் பார்க்க உரிமை இல்லை. நிரப்பியவருக்கும் கேட்டவருக்கும் மட்டும் உரியது அது.

மாற முடியுமா? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

முடியும், மெதுவாக. உணர்ச்சிகளைக் கவனிக்கவும் பெயரிடவும் பழக்கும் சிகிச்சைகளுக்குப் பின் புள்ளி குறைந்ததைக் காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன.

வீட்டில் இருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, 'மனதைத் திறந்து பேசுங்கள்' என்று வற்புறுத்துவது. பூட்டின் திறப்பு எங்கே என்று தெரியாதவரிடம் கதவைத் திற என்பது போன்றது அது. அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளியிடம் நான் எந்த உணர்ச்சியையும் கேட்கவில்லை. வலி வந்த நாள், உடம்பில் எந்த இடம், அன்று யார் வந்தார்கள் என்ற மூன்றை மட்டும் இரவில் மனைவியிடம் சொல்லச் சொன்னேன். மனைவி மகளின் கொப்பியில் எழுதினார். ஆறு வாரங்களில் அந்தப் பக்கங்களை அவரே பார்த்தார். அதற்குப் பிறகுதான் சொற்களை எடுத்து வைத்தேன். பயமா? 'இல்லை.' கோபமா? 'இல்லை.' கவலையா? கொஞ்சம் யோசித்தார். அவமானமா? வெகுநேரம் பேசவில்லை. பிறகு, 'பிள்ளைகள் பார்க்கிறார்கள்' என்றார்.

இப்படித் தெரிவுகளாக வைப்பது உதவும். தமிழில் அதற்குச் செல்வம் இருக்கிறது. கவலை வேறு, ஏக்கம் வேறு, மனத்தாங்கல் வேறு, ஆற்றாமை வேறு, விரக்தி வேறு. இரவுச் சாப்பாட்டின்போது ஒருவர் தன்னுடையதை முதலில் சொல்லிக் காட்டலாம். 'இன்று சம்பளச் சீட்டைப் பார்த்தபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது.' அவ்வளவுதான். மற்றவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வயிற்று வலி இன்னும் வருகிறது. முன்பைப் போல டிஸ்பென்சரிக்கு ஓடுவதில்லை. வசூல் நாளுக்கு முதல் நாள் மனைவியிடம், 'நாளைக்கு வலிக்கும்' என்கிறாராம்.

உதவிக்கு எங்கே போவது?

தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம். கண்டி, நுவரெலியா, பதுளைப் பெரிய வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, அப்படி ஒருவர் பேசினாலோ, கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றே போங்கள். தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் தோட்ட மருந்துகளை (பூச்சி, களை நாசினிகளை) அகற்றுங்கள்.

டொக்டரிடம் மனதைப் பற்றிப் பேசத் தெரியாவிட்டால் வயிறு, நெஞ்சு, தூக்கம் என்றே தொடங்குங்கள். எந்த நாட்களில் வருகிறது என்பதை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு போங்கள். சிங்களத்தில் பேசச் சிரமம் என்றால், தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கூட வரும் மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளை முன்னால் சொல்ல முடியாத ஒன்றுதான் பல வேளைகளில் சொல்ல வேண்டியதாக இருக்கிறது.